ரொனானுக்குக் காற்று சொன்னவள்

சர்க்கரையைக் கையாலேயே அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் வீட்டுக் கரண்டிகளுக்குக் காம்பு கிடையாது. எடை குறையட்டும் என்று படகுக்கான கரண்டிகளை அறுக்க உட்கார்ந்த என் கணவர் ரொனான், கையோடு வீட்டில் இருந்தவற்றையும் அறுத்துவிட்டார்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். அவ்வளவு பெரிய பந்தயப் படகு எப்படிக் கவிழ்ந்தது என்று பிரெஸ்ட் துறைமுகம் முழுக்க விசாரித்துக் களைத்திருக்கிறீர்கள். பாய்மரத்தில் குறையா, படகு கட்டிய பட்டறையில் குறையா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

படகில் ஆறு பேர். ஏழாவது ஆள் நான், கரையில். வானிலை படித்தவள். எந்தக் கடலில் எப்போது என்ன காற்று வரும் என்று இந்த மேசையிலிருந்து பார்த்து வழி சொல்வேன். உலகைச் சுற்றும் சாதனை முயற்சியில் அதற்கு அனுமதி உண்டு. நான் கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு. ரொனான் ஏன் என்று கேட்டதே இல்லை.

எங்கள் மண வாழ்க்கை அருமையானது. வருடத்தில் பெரும்பகுதி அவர் கடலில் இருப்பார்.

முதல் முயற்சிக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது ஒண்ணு மட்டும் ஜெயிச்சுட்டேன்னா போதும் அர்மெல். அப்புறம் கடல் பக்கமே போகமாட்டேன். உன்கூடவே இருந்துடறேன்." எனக்குக் கண் கலங்கியது. உண்மையான சந்தோஷம்தான்.

அதன் பிறகு சரியான காற்றுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வீட்டில் காத்திருந்தார்.

படகில் முறை வைத்துத் தூங்குவார்கள். வீட்டிலும் அப்படியே ஆயிற்று. தோளைப் பிடித்து உலுக்குவார். "எழுந்திரு, உன் முறை."

"என்ன செய்யணும்?"

"வீட்டைப் பாத்துக்க."

"வீடு எங்க போயிடப்போகுது, ரொனான்?"

"அப்படி நினைச்சவன் படகெல்லாம் பாறைமேல கிடக்கு."

கதவுகள் வெறும் சுமை என்று கழற்றினார். குளியலறைக் கதவும் போயிற்று. பூனையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு அதன் சாப்பாட்டில் பாதியை நிறுத்தினார். நான் சண்டைக்காரி இல்லை.

பிறகு கிளம்பினார்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது பழைய சாதனையைவிட வெகுவாக முந்தியிருந்தார்கள். அன்று உட்கார்ந்து யோசித்தேன். தோற்றால் அடுத்த வருடம் முழுக்கப் பட்டறையே கதி என்று கிடப்பார். ஜெயித்தால் வீட்டுக்கு வந்துவிடுவார். "மேற்கே போ," என்றேன். அங்கே காற்றே இல்லை. பாய்கள் துவைத்துப் போட்ட துணிபோலத் தொங்கின. முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்கள். "உன்மேல தப்பில்ல. கடல் அப்படி," என்று ரொனான்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். பெருந்தன்மையான மனிதர்.

இந்தக் குளிர்காலம் இரண்டாவது முயற்சி. இந்த முறை அவர்களை நிறுத்த முடியவில்லை. தென் அமெரிக்காவின் கடைக்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி, சாதனை கைக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் அர்மெல். சமையலறைச் சுவரை இடிச்சிடலாம்னு இருக்கேன். அப்புறம், நீ தூங்கற தூக்கத்துல நேரம் ரொம்ப வீணாகுது. அதையும் ஒழுங்குபண்ணணும். இனிமே நாம ரெண்டு பேர் மட்டும்தான்."

பின்னாலிருந்து எர்வான் சிரித்துக்கொண்டே கத்தினான்: "அண்ணி, இப்பவே எங்கயாவது ஓடிடுங்க." படகில் அவன்தான் விவரமான பையன்.

என் முன்னால் திரையில் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே ஒரு புயல் சுழன்றுகொண்டிருந்தது. ரொனானும் அடிவானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முன்னால கறுத்துக் கிடக்கே?"

"அது கலைஞ்சிடும். நேரா வா," என்றேன்.

கோபத்தில் செய்ததாக நினைக்க வேண்டாம். தென்கடலில் கவிழ்த்திருக்கலாம். அங்கே தூக்கிவிட ஆள் கிடையாது. போர்ச்சுகல் மீனவர்கள் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தண்ணீரும் அங்கே அவ்வளவு குளிராக இராது. கவிழ்ந்த படகின் முதுகில் ஒரு பகல் முழுக்க ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாகவில்லை. எர்வானுக்கு மட்டும் விலா எலும்புகள் உடைந்தன. ஆஸ்பத்திரிக்குப் பூ அனுப்பினேன்.

ஒரே ஒரு கணக்குதான் தப்பிவிட்டது. சாதனை போனால் பட்டறை உண்டு. படகே போய்விட்டால் பட்டறை ஏது? பணம் போட்டவர்களும் விலகிக்கொண்டார்கள். துறைமுகத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிய ரொனான் என்னைக் கட்டிப்பிடித்து, "போதும் அர்மெல். இனிமே கடலே வேண்டாம்," என்றார்.

அந்தச் சத்தமா? மாடியில் மரப்படியை இழைத்து மெலிதாக்குகிறார்.

உங்களுக்கு என்மேல் சந்தேகமே இல்லை, தெரியும். நானாகத்தான் சொல்கிறேன். என் பெட்டி தயார். இன்றைக்கே உங்கள் காரில் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனால் நல்லது. சிறையில் அறைகளுக்குக் கதவு இருக்கும், இல்லையா? ரொனானிடம் நாம் ஊர்க்கோடிப் பாலத்தைத் தாண்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கணவரை விட்டு ஓடுகிறாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. மனசாட்சி உறுத்துகிறது, அவ்வளவுதான்.