அன்ரன் போட்டிருந்த கோட்டு

இல்லைப் பிள்ளை, கழட்டேலாது. மாசி வெயில்தான், வேர்த்து ஊத்துதுதான். எண்டாலும் கோட்டோடைதான் உள்ளுக்குப் போகோணும். நீங்கள் இருங்கோ. மொழிபெயர்க்க வந்த ஆக்கள் சாட்சியோடை கதைக்கக் கூடாது, தெரியும். கேக்கலாம்தானே?

ஓம், நான் இங்கிலீஷ் படிப்பிச்ச மனுசன்தான். பிறகேன் உங்களைக் கேட்டனான் எண்டு பாக்கிறியள்.

உள்ளுக்கை குற்றவாளிக் கூண்டிலை நிக்கிறவன் அன்ரன், என்ரை மனுசி பேர்ள், அவளின்ரை தம்பி. படகிலை வந்தவன், தற்காலிக விசா. ஹோம்புஷ் ஸ்ரேசனடியிலை ரெண்டு தரம் அடிச்சுப் பறிச்சாங்கள். ரெண்டாந்தரம் முன்பல்லுப் போச்சு. அதோடை, அத்தான், இங்கை ஒரு பிஸ்டலுக்கு லைசென்ஸ் எடுக்கேலாதோ எண்டு கேட்டான். நான் லைப்ரரியிலை சட்டத்தையே எடுத்து வாசிச்சுச் சொன்னன். அமெரிக்காவிலை சில மாநிலங்களிலை சட்டைக்குள்ளை மறைச்சுக்கொண்டு திரியலாம். இங்கை உயிருக்குப் பயம் எண்டது ஒரு காரணமே இல்லை. பொய்த் துவக்கெண்டாலும், பாக்க அசல் மாதிரி இருந்தால் சட்டத்துக்கு அது துவக்குத்தான்.

ஓம், பிடிபட்டது அப்பிடிச் சாமான்தான். இங்கை ஆடிதானே குளிர்காலம், போன ஆடிக் குளிருக்கை ஸ்ரேசனிலை பொலிஸ் கேட்டது ரெயின் டிக்கெட் மட்டும்தான். இவன் மன்னாரிலை செக்பொயின்ற்றுக்குள்ளாலை பள்ளிக்கூடம் போனவன். யூனிபோமைக் கண்டால், கேக்க முன்னமே கை உள்பைக்குப் போகும், ஐடென்ரிக் கார்டு எடுக்க. இங்கை பொலிசுக்கு முன்னாலை கோட்டுக்குள்ளை கை விடலாமே? அவங்கள் துவக்கை உருவ, இவன்ரை சாமான் நிலத்திலை விழுந்துது. அதை வைச்சுக்கொண்டு கோட்டைத் திருப்பித் தந்தாங்கள்.

குற்றம் எண்டு தீர்த்தால் விசா போயிடும். பிறகு வில்லவூட் தடுப்பு முகாம், பிறகு ஊருக்குப் பிளேன். அங்கை இறங்கினால் அவனை ஆர் ஏத்திக்கொண்டு போவினம் எண்டு பேர்ளுக்குத் தெரியும். இந்த ரெண்டாயிரத்துப் பதின்மூண்டு பிறந்து இன்னும் மனுசி ஒருநேரம் ஒழுங்காச் சாப்பிடேல்லை. எனக்கும் வேறை வழி தெரியேல்லைப் பிள்ளை.

அதுதான் நான் சாட்சி. இந்தக் கோட்டு என்ரை, அவன் குளிருக்கு எடுத்துப் போட்டவன், பைக்குள்ளை கிடந்தது அவனுக்குத் தெரியாது. கோயில் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு நான் வாங்கின சாமான். ஏரோதின்ரை சேவகனுக்குப் பிஸ்டல் எங்காலை எண்டு நீதவான் கேளாமல் விட்டால் சரி. இங்கிலீஷிலை கேட்ட உடனை இங்கிலீஷிலை சொல்லப் போனால் தடுமாறிப்போவன். நீங்கள் இடையிலை நிண்டால் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

நொயல் எண்டு கூப்பிடுகினம் போலை. வாறன், வாறன். பிள்ளை, ஒருக்காப் பாருங்கோ, கோட்டுக் கை இன்னும் நீட்டாத் தெரியுதோ? பேர்ள் ராத்திரித்தான் மடிச்சுத் தைச்சவள். அன்ரன் என்னைவிட ஒரு சாண் உயரம்.