முதல் தேதி ரிப்போர்ட்

இந்தப் போலீஸ் புகார்ப் படிவத்தில் மேலே உள்ள கட்டங்களில் என் பெயரையும் முகவரியையும் என் அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சரிபார்த்தேன், பிழை இல்லை. வயது நாற்பத்தாறு. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். அந்தத் தெருவில் ஜெராக்ஸ் அக்கா என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அம்மா, தம்பி, தம்பியின் மனைவி மூவரும் கீழ்வீட்டிலும் நான் மாடி அறையிலும் வசிக்கிறோம். தம்பிக்கு முப்பத்தெட்டு வயது, வீட்டில் இன்னும் சின்னவன்தான். அவனுக்கு என்ன வேலை என்று அதிகாரி கேட்டார். அதை அவனிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

கணவர் இறந்த மறு வருடம் புதிய இயந்திரம் வாங்க வங்கிக்குப் போனேன். கணவர் தன் நண்பர் ஒருவருக்கு வாங்கிக் கொடுத்த கடன் கட்டாமல் கிடப்பதும், ஏதோ காகிதம் என்று என்னிடம் வாங்கிய கையெழுத்து அதற்கு ஜாமீன் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கவுண்டரில் பத்துப் பேர் பார்க்க என் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் கடையைத் திறந்து, இயந்திரம் சூடாகும் நேரத்தில், என் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து அச்சடித்து, ஓட்டை போட்டு, கோப்பில் வைத்துவிடுகிறேன். என் பெயரில் யார் கடன் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், தவணை ஒழுங்காகப் போகிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுவரை ஒரு மாதம்கூட விட்டதில்லை. தம்பி இதைப் பார்த்து, "மார்க் ஷீட் வந்துடுச்சாக்கா, இந்த மாசம் பாஸா?" என்று கேட்பான். அம்மா அதற்குச் சிரிப்பார். "சொந்தப் பேரையே சந்தேகப்படுற ஒரே ஆளு நீதான்டி" என்று ஒருமுறை சொன்னார்.

என் கடையில் எந்த வாடிக்கையாளரின் அட்டை நகலையும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்று எழுத வைக்காமல் வெளியே விடமாட்டேன். இதற்காக என்னோடு சண்டை போட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் இயந்திரத்தில் டோனர் என்கிற மைப்பொடியை மாற்றும் அன்று, கறுப்பு சரியாக விழுகிறதா என்று பார்க்க, என் சொந்த அட்டையை வைத்துத்தான் முதல் நகல் எடுப்பேன். முகத்தில் உள்ள நிழலும் அடியில் உள்ள பொடி எழுத்தும் தெளிவாக வந்தால் டோனர் நல்லது என்று அர்த்தம். அந்த நகலின் பின்னால் தேதி போட்டு இழுப்பறையில் வைத்துவிடுவேன், அடுத்த டோனரோடு ஒப்பிட. அதில் கோடு போடமாட்டேன். கோடு போட்டால் முகம் மறையும். ஊருக்கெல்லாம் கோடு போட்டவள் என்னுடையதை மட்டும் வெறுமனே விட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் வந்த ரிப்போர்ட்டில் ஒரு நிதி நிறுவனம் என் விவரத்தைப் பார்த்ததாக ஒரு வரி இருந்தது. நான் யாரிடமும் கடன் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் அதைச் சொன்னேன். தம்பி, "விளம்பரத்துக்காகச் சும்மா பாத்திருப்பானுங்கக்கா, எல்லாருக்கும் வருது" என்றான். அம்மா எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நான் நம்பிவிட்டேன். அதற்கடுத்த மாதம் ரிப்போர்ட்டில் புதிதாக எதுவும் இல்லை. இந்த மாதம் முதல் தேதி, அதே நிறுவனத்தின் பெயரில் ஒரு தனிநபர் கடனும், அதற்கு முதல் தவணையே கட்டவில்லை என்ற சிவப்பு வரியும் இருந்தன. என் கிரெடிட் மதிப்பெண் கிணற்றில் போட்ட கல் போல இறங்கியிருந்தது.

இந்த நேரத்தில் அது ஏன் முக்கியம் என்று அதிகாரி கேட்டார். நான் கடை வைத்திருக்கும் கட்டடத்தை அதன் உரிமையாளர் விற்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் என் கடைப் பகுதியை நான் வாங்காவிட்டால் பக்கத்து டயர் வியாபாரிக்குப் போய்விடும். வங்கி எனக்குக் கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடும் அன்று ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்ப்பார்கள். அந்தச் சிவப்பு வரி இருந்தால் கடையும் இல்லை, நானும் இல்லை.

அன்றே கடையை மூடிவிட்டு நிதி நிறுவனத்துக்குப் போனேன். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட அலுவலர் ஒருவர் முதலில், "நீங்கதானம்மா வாங்கியிருக்கீங்க" என்று என்னிடமே சொன்னார். நான் இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு விண்ணப்பத்தைக் காட்டி, ஒரு நகலும் கொடுத்தார். அதில் இருந்த செல்போன் எண் என்னுடையது அல்ல. இணைத்திருந்த அடையாள அட்டை நகலின் இடது ஓரம் மேலிருந்து கீழ் வரை மயிர் போல ஒரு கோடு ஓடியது. என் இயந்திரத்தின் கண்ணாடியில் அதே இடத்தில் கீறல் இருக்கிறது, நான்கு வருடமாக மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று இருக்கிறேன். குறுக்குக் கோடு போடாத நகல், என் கடையில் எடுத்தது. அந்த இழுப்பறையை என்னைத் தவிரத் திறக்கிறவன் தம்பி ஒருவன்தான். டோனர் டப்பாவைத் தூக்கித் தருகிறேன் என்று வருவான். கடன் கொடுக்கும் முன் போனில் பேசிச் சரிபார்த்ததாகவும், ஒரு பெண் பேசியதாகவும், பதிவு இருப்பதாகவும் கண்ணாடிக்காரர் சொன்னார். போலீஸ் கேட்டால்தான் தருவாராம். யார் செய்தது என்று தெளிவாகப் புகார் எழுதி அதன் நகலைக் கொண்டுவந்தால் என் ரிப்போர்ட்டில் உள்ள பதிவை நீக்க ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

அதன் பிறகு தம்பியைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தான், டீ கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். விண்ணப்பத்தின் நகலை முன்னால் வைத்தேன். குளிர்பான ஏஜென்சி எடுக்க முன்பணம் கட்டியதாகவும், ஏஜென்சிக்காரன் ஓடிவிட்டதாகவும், கட்டிவிடலாம் என்று இருந்ததாகவும் சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இங்கே வந்திருப்பேனா என்று தெரியவில்லை. "உன் பேர்ல எடுத்தா என்னக்கா, உனக்குன்னு யாரு இருக்கா? நாளைக்கு எல்லாம் நமக்குத்தானே" என்றான். நான் அவன் கையிலிருந்த டீயை வாங்கி வாசலில் ஊற்றினேன். அடிக்கவில்லை. அடித்ததாக அவன் கொடுத்திருக்கும் எதிர்ப்புகார் பொய்.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். போனில் பேசிய பெண் தம்பியின் மனைவிதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. துணிக்கடையில் பில் போடுகிறவள், பேசத் தெரிந்தவள். அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, கூட்டுக் களவாணி என்றும், இன்னும் எழுத முடியாத இரண்டு வார்த்தைகளும் சொன்னேன். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டுப் பையைப் பிடித்தபடி, "நான் இல்ல அண்ணி, எனக்கு ஒன்னுமே தெரியாது" என்றாள். நான் நம்பவில்லை. அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மருமகளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இந்த ஒரு விஷயத்திலாவது என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவர் மாடிக்கு வந்து, "அவன் வாழ வேண்டியவன்டி. உனக்கென்ன, ஒரு கடை போனா இன்னொன்னு பாத்துக்குவ" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் இங்கே வந்தேன். அதிகாரி, "குடும்ப விஷயம்மா, உக்காந்து பேசித் தீத்துக்கோங்க, இல்லன்னா அடையாளம் தெரியாத நபர்னு போட்டுடலாம்" என்றார். கூடப் பிறந்தவனை அடையாளம் தெரியாதவன் என்று யார் எழுதிக்கொண்டு வந்தாலும் என் கடையில் நான் நகல்கூட எடுத்துத் தரமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும். தம்பியும், போனில் என் பெயரைச் சொல்லிப் பேசிய அவன் மனைவியும் சேர்ந்து செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இதுவரை எழுதி முடித்த நேரத்தில், அதிகாரி கேட்டதன்பேரில் நிதி நிறுவனத்தின் கண்ணாடிக்காரர் வந்து, அதிகாரியின் மேசையில் செல்போனை வைத்து அந்தப் பதிவைப் போட்டார். முழுவதும் ஒன்றரை நிமிடம். நான் கேட்டேன். நிறுவனப் பெண் பெயர் கேட்டாள். அந்தக் குரல் என் பெயரைச் சொன்னது. பிறந்த தேதி கேட்டாள். பிறகு பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் மெதுவாகச் சொல்ல, அந்தக் குரல் அதைத் திருப்பிச் சொன்னது. பாதுகாப்புக்காக ஒரு கேள்வி, உங்கள் அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டாள். அதற்கு மட்டும் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தக் குரல் ஒரு நொடிகூடத் தயங்காமல் தன் பெயரைச் சொன்னது.

பதிவை இன்னொரு முறை போடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். அதன் பிறகு, தம்பியின் மனைவியைப் பற்றி மேலே சொன்னதை அடிக்கச் சொன்னேன். எழுதியதை அடிக்க முடியாது, திருத்தத்தைக் கீழே சொல்லலாம் என்றார்கள். சொல்கிறேன்: அவளுக்கு இதில் தொடர்பு இல்லை. தெருவில் வைத்து நான் அவளைச் சொன்னது அத்தனையும் தவறு.

"அம்மாவையும் சேக்கணுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை. சேர்க்கச் சொன்னேன். பதிவில் உள்ள குரலுக்கு உரியவர் இந்த நிலையத்தின் வாசல் பெஞ்சில், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் உள்ள உறவு: தாய், மகள்.

இதைப் படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்தேன். உள்ளது உள்ளபடி இருக்கிறது. இதைச் சொல்லச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியவர்கள் எல்லோரும் சொல்லாதே என்றுதான் வற்புறுத்தினார்கள்.

(கையொப்பம்)