ஞாயிற்றுக்கிழமைப் பதக்கம்

போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை, இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். நீயும் ஒரு வாய் குடி, ஸ்னேகா. எனக்குப் பெங்காலி நன்றாகவே வரும். இந்த ஊரில் காலமெல்லாம் பேங்க் உத்தியோகம் பார்த்தவன். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்று அடம் பிடித்தேன். அதனால்தான் இன்ஸ்பெக்டர் பாபு மொழிபெயர்க்க உன்னை உன் ஆபீஸிலிருந்து வரவழைத்திருக்கிறார். மேல் மாடி வெங்கடநாராயணன் போன பிறகு தமிழில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆளில்லை.

அவர் கப்பல் எஞ்சினியர். பெஹாலாவில் அவர் மேலே, நான் கீழே. கப்பல் ஆன்ட்வெர்ப், ஜெனோவா என்று எங்கே நின்றாலும் மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்கப் போவார்கள். இவர் மட்டும் பழைய சாமான் சந்தையில் சைக்கிள் பந்தயப் பரிசுகளைத் தேடி அலைவாராம். ஊர் ஊராகச் சாலையில் சைக்கிள் ஓட்டியே பிழைத்த அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் வாங்கிய பரிசுகள். எனாமல் பதக்கங்கள், ஜெயித்தவன் தோளில் போடும் பட்டுப் பட்டை, விளிம்பு நசுங்கிய வெள்ளிக் கோப்பை, முன்னணியில் இருப்பவன் அணியும் மஞ்சள் கம்பளிச் சட்டை. அந்தச் சட்டையின் முதுகில் எவனுடைய வியர்வைக் கறையோ இன்னும் இருந்தது. நாங்கள் இருவரும் சைக்கிளில் கரியாஹாட் கடைத்தெரு வரைகூடப் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிபன் ஆனதும் மேலே போவேன். ஒருவர் மர ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டும். மற்றவர் பட்டையைத் தோளில் போட்டுப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்ட வேண்டும். ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான். "ஓய், நிமிர்ந்து நில்லும். ஆல்ப்ஸ் மலை ஏறி ஜெயிச்சுட்டு வந்திருக்கீர், ரேஷன் கடை க்யூவில நிக்கறாப்பல நிக்கறீரே" என்பார். சிரிக்காதே, ஸ்னேகா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரிட்டயர் ஆன அன்று பேங்கில் ஒரு மாலை போட்டார்கள். அதற்கப்புறம் என் கழுத்தில் கை வைத்த ஒரே மனிதர் அவர்தான். பதக்கத்தை நாமே எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கீழே என் வீட்டில் கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தும் இருக்கிறேன். சகிக்கவில்லை.

அப்புறம் அவர் மகள் ஹம்சினி ஹைதராபாத்திலிருந்து வந்தாள். "இந்த ஊர்க் காத்து அப்பாவோட ஆஸ்துமாவுக்கு ஒத்துக்கலை, பாலு அங்கிள். இனிமே எங்களோடதான்" என்றாள். அவராவது முகம் வாடுவார் என்று பார்த்தேன். "பேத்தி ரூம்ல இதுக்குன்னே கண்ணாடி அலமாரி அடிச்சிருக்காளாம், ஓய். நீரும் வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்காணும்" என்றார். முகமெல்லாம் பல். பத்து நாள் என்கிறார், ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. ஞாபகத்துக்கு ஒரு பதக்கம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். சாமானுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல், நான் திருடன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹம்சினி புடவை வாங்கக் கரியாஹாட் போயிருந்தாள். பெட்டியெல்லாம் கட்டியாயிற்று, கம்பளிச் சட்டை மட்டும் பாக்கி. அதன் தூசி அவருக்கு ஆகாது. வருஷா வருஷம் மொட்டை மாடியில் நான்தான் அதைத் தட்டிப் பிரஷ் போடுவேன். அவர் மாடிப்படியிலேயே நின்றுகொள்வார். அன்றைக்குக் கொசு வருகிறது என்று ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கூடத்திலேயே வைத்துத் தட்டினேன். பேத்தி வீட்டுக்குப் போகிற சட்டை சுத்தமாகப் போக வேண்டாமா? மேஜைமேல் இருந்த இன்ஹேலர் சாமான்களோடு தொலைந்துவிடப் போகிறதே என்று அதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அன்றைய முறை அவருடையது. "கடைசித் தடவை, நீரே ஏறும்" என்றார். அவ்வளவு நல்ல மனிதர். ஏறினேன். பட்டை போட்டார், பதக்கம் மாட்டினார், அப்போது இருமல் பிடித்துக்கொண்டது. மேஜையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நான் இறங்கவில்லை. "நிதானமா மூச்சு விடும், ஓய்" என்றேன். நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பிரயாணம் நின்றுவிடும், அவ்வளவுதான் என் கணக்கு. கொடுக்க வேண்டிய நேரம் எது என்று எனக்குத் தெரிந்தது. அது என் கண்ணெதிரே வந்தது, போயிற்று. அவரைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்.

டாக்டர் சந்தேகப்படவில்லை. ஹம்சினி என் கையைப் பிடித்து அழுதாள். காரியங்கள் முடிந்ததும் பெட்டிகளோடு போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிட்டுவிட்டு மேலே போனேன். பூட்டு தொங்கியது. படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை, ஸ்னேகா, நானேதான் இங்கே வந்தேன்.

ஹம்சினியிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. அவள் அப்பாவுக்கு ஹைதராபாத் போக உள்ளூர இஷ்டமே இல்லை, மகள் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டியிருக்கிறார். இன்ஹேலர் இருந்த என் கையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கடைசி மூச்சு வரை விடவே இல்லை. என்னை விட்டுப் போக மனசிருந்தால் அப்படிப் பிடிப்பாரா?