பாத்திர சோப்பின் வாசனை

பேருந்து கீழ்க்கட்டளையைத் தாண்டும்போது முன் சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "பாத்திரம் தேய்க்கிற சோப்பு மேல எனக்குப் பொறாமைடி." மடியில் தூங்கும் மகளை அசைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சோப்பு மேலயா?"

"என் பையன் என்னை விட்டுட்டு வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்டயே ஒட்டிக்கிறான். அவங்க கையில எப்பவும் எலுமிச்சை வாசனை."

"அது டெர்பீன்ங்கிற வாசனைப் பொருள்டி. எலுமிச்சைத் தோல்ல இருக்கிறது, சோப்புலயும் போடறாங்க. மரம் அதைப் பூச்சியை விரட்ட வச்சிருக்கு. உன் வீட்டுல பையனை இழுக்குது!"

"சிரிக்காத. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு லீவு குடுத்துட்டு எல்லாத்தையும் நானே தேய்ச்சேன்."

"வந்தானா?"

"ஓடி வந்தான். என் கையை மோந்து பார்த்தான். அப்புறம் வாசலைப் பார்த்துட்டு, 'அக்கா எங்கேம்மா?'ன்னு கேட்டான்."