மென்சொல்

எனக்குத் தேநீர் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும். சூடாகக் குடித்தால் நாக்கு வெந்து, பிறகு நாள் முழுவதும் எதிலும் ருசி தெரியாது. ஆறவிட்ட தேநீரோடுதான் தினமும் காலையில் செய்திப்பலகையைத் திறப்பேன்.

கதிர்காமநாதன் ஐயா, நீங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கணினி பற்றித் தெரியாது என்று நீங்களே சொன்னதால் விளக்கமாகவே சொல்கிறேன். மனுகாவில் என் வீட்டு முன்னறையில் ஒரு கணினி, ஒரு மோடம், அதற்கென்று தனியாக ஒரு தொலைபேசி இணைப்பு. ஒக்லாந்துத் தமிழர் தங்கள் கணினியிலிருந்து அந்த எண்ணை அழைத்து, ஒருவர் இறங்கியபின் ஒருவராக ஏறி வாசிப்பார்கள், எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். கொழும்பில் சரத் என்றொரு தம்பி இதேபோல ஒரு பலகை நடத்துகிறார். தினம் ஒருமுறை இரண்டு பலகைகளும் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும்.

ஆட்கள் எழுதியதை வாசிக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. குளித்து, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தால் திரையில் சாக்கடை ஓடும். அதனால்தான் பலகையோடு ஒட்டி ஓடும்படி ஒரு சிறிய நிரலை எழுதினேன். 'மென்சொல்' என்று பெயர் வைத்தேன். கெட்ட வார்த்தைகளை அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவற்றில் ஒன்று வந்தால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டு, நான் எழுதிவைத்த நல்ல வாக்கியம் ஒன்றைப் போடும். மூலக் கடிதம் எனக்கு மட்டும் தனியாக இருக்கும்.

முதல் வாரமே, பலகையில் எழுதுகிற சுலக்ஷன் எனக்குப் போன் எடுத்தான்.

"மகேசன் அண்ணை, நான் லோஜனான்ரை தமையனை நாய் எண்டு எழுதினன். உங்கடை மெசின் 'நல்லா இருங்கோ' எண்டு போட்டிட்டுது. அவன் இப்ப என்னைக் கொத்துரொட்டி சாப்பிட வரட்டாம்."

"போய்ச் சாப்பிடும், தம்பி."

"சாப்பிட்டிட்டு வந்து திரும்ப நாய் எண்டு எழுதலாமோ?"

அவன் எழுதவில்லை. இப்போது இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போகிறார்கள். ஒரு மென்மையான சொல் போதும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது. பிறகு இரத்தம், சீழ், சத்தி என்கிற வாந்தி, வெட்டு எல்லாவற்றையும் நிரலில் சேர்த்தேன். நோயாளிகள் தங்கள் உடம்பைப் பற்றி எழுதுவதும் எனக்கு வசைபோலத்தான் பட்டது.

ரதிதேவியை உங்களுக்குத் தெரியும். ஈஸ்ட் டாமாக்கியில் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மழை நாட்களில் நான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவேன். அவள் கணவன் நிமலன் விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். அவருடைய கடிதம் ஒன்று சரத்தின் பலகை வழியாக மாசியில் வந்தது.

"ரதி, கால்விரல் கறுத்துப் போச்சு. சீழ் மணத்திலை எனக்கே சத்தி வருது. முழங்காலுக்குக் கீழை வெட்டவேணுமாம் ஒரு காலோடை வந்தா என்னை ஏற்பியோ நீ ஓம் எண்டாத்தான் கையெழுத்து வைப்பன்."

நான் தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அவ்வளவு அருவருப்பு.

நிமலன் இடையில் முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் இல்லை. ஆகவே வெட்டோடு சேர்ந்து, ஆம் என்ற ஒரு பதிலுக்காக அவர் கேட்ட அந்தக் கேள்வியும் போய்விட்டது. ரதிதேவிக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: "ரதி, கால்விரல் கறுத்துப் போச்சு. சின்னக் காயம், மாறிவரும். டொக்டர் நல்லாப் பாக்கிறார்."

அவள் உடனே பதில் எழுதினாள். "சின்னக் காயத்துக்கு ஏன் யோசிக்கிறியள்? அவசரப்பட்டு ஒண்டும் செய்யாதேங்கோ. விசா வரட்டும், இஞ்சை வந்து பாப்பம்."

அதில் நிரல் தொடவேண்டிய சொல் எதுவும் இல்லை. அப்படியே கொழும்புக்குப் போனது. நிமலன் அதைத் தன் கேள்விக்கான பதிலாக வாசித்தார். "ரதிக்கு விருப்பமில்லைப் போல" என்று சரத்திடம் சொன்னாராம். கையெழுத்து வைக்கவில்லை. விஷம் உடம்பில் ஏறி, பங்குனி முடியமுன் இறந்துபோனார். சரத் தொலைபேசியிலேயே அவளுக்குச் சொன்னதால் அந்தச் செய்தி என் பலகைக்கு வரவில்லை.

அந்தக் கடிதத்தின் மூலப்பிரதியைப் பார்த்தபின், இது இயந்திரத்தின் பிழை என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. ரதிதேவியும் அப்படித்தான் நம்புகிறாள். என் முன்னறையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மெசின் விட்ட பிழைக்கு நீங்கள் என்ன செய்வியள், அண்ணை? உங்களிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒழுங்காச் சாப்பிடுங்கோ" என்றாள். புருஷனை இழந்தவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். கண்ணைத் துடைத்துத் துடைத்து அவளுடைய கை ஈரமாக இருந்தது. அவள் போனபின் நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சாமி கும்பிடுகிறவன் பொய்க்குள் இருக்கக்கூடாது. அதனால் அந்த முடிவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடிதம் ஒன்றும் வந்தது. டொக்டர்கள் கடைசித் தடவையாகக் கேட்ட நாளில் நிமலன் எழுதியது. அதில் சீழ் இல்லை, வெட்டு இல்லை. "ரதி, ஓம் எண்டு ஒரே ஒரு சொல் எழுது. இண்டைக்கே எழுது." மென்சொல் அதில் கை வைக்கவில்லை. கடிதம் முழுதாக, ரதிதேவியின் பெயருக்கு, பலகையில் காத்திருந்தது.

அதை அழித்தது நான்.

அன்று கோயிலில் அவள் பிரணவியோடு சேர்ந்து சர்க்கரைப் பொங்கல் பரிமாறினாள். அகப்பையைப் பிடித்தபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாசித்திருந்தால் எதற்கு 'ஓம்' என்று என்னிடம்தான் கேட்டிருப்பாள். நான் அந்த முதல் கடிதத்தைக் காட்டவேண்டி வந்திருக்கும். அந்த நாற்றம் திரும்பவும் என் வீட்டுக்குள் வந்திருக்கும். ஆகவே நிமலன் எழுதியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில், "நான் நல்ல சுகம், ரதி. காயம் ஆறிவிட்டுது" என்று நானே எழுதிவைத்தேன்.

அவள் அனுப்பிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. "அப்பாடா, இப்பதான் நிம்மதி. இனி அதைப்பற்றி என்னோடை கதைக்க வேண்டாம், சரியோ?" என்று எழுதி, கோயிலில் தின்ற பொங்கலைப் பற்றியும் எழுதியிருந்தாள். நிமலன் கடைசியாக வாசித்தது அதைத்தான் என்று சரத் சொன்னார்.

நீங்களும் வாசித்துப் பாருங்கள், ஐயா. ஒரு கெட்ட வார்த்தைகூட அதில் இல்லை.