ஐயாயிரத்து நாற்பது சுளைகள்

எனக்குப் பலாப்பழம் அவ்வளவாகப் பிடிக்காது. என்னை விசாரிக்கும் ஊரார் இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நம் ஊரில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவன் இந்த ஜீவானந்தம் ஒருவன்தான். அதனால் வேடியப்பன் கோயில் பலாப்பழங்களைப் பங்கு வைக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தீர்கள். ரஞ்சிதம் சுளை எடுத்துத் தருவாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக எண்ணுவேன். எழுபத்திரண்டு வீட்டுக்கும் சமமாகப் போக வேண்டும். சுளையைக் கிழிக்கக் கூடாது. ஒன்று மிஞ்சினாலும் சாமி ஏற்கவில்லை என்று அத்தனையும் மாட்டுக்குப் போய்விடும். நம் வழக்கம் அப்படி.

5040 சுளை, வீட்டுக்கு எழுபது என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினீர்கள். ஆனால் அந்த எண்ணின் அருமை உங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்று முதல் பத்து வரை எதனாலும் மீதியில்லாமல் வகுபடும். மொத்தம் அறுபது வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், சந்தோஷத்தில் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.

விழுங்கிய பிறகுதான் பகீரென்றது. 5039 பகா எண். அதை மீதியில்லாமல் பிரிக்க இரண்டே வழி. வீட்டுக்கொன்றாக 5039 வீட்டுக்குக் கொடுக்கலாம். அல்லது மொத்தத்தையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்கலாம். இரண்டாவதைப் பற்றி நான் வெகுநேரம் யோசிக்கவில்லை.

எழுபத்திரண்டால் வகுத்தால் மீதி எழுபத்தொன்று. சாமி பழத்தை மாட்டுக்கு விடலாமா? ஊர்மேல் உள்ள அக்கறையில் அந்த எழுபத்தொன்றையும் நானே தின்றேன். ஐம்பதுக்கு மேல் அது சாப்பாடே இல்லை, கடமை. வீட்டுக்கு அறுபத்தொன்பது சமமாகப் போயிற்று. என் வீட்டுக்கும் ஒன்று குறைவுதான்.

பங்கு வாங்கிப் போன செல்லியம்மாள் வீட்டில் எண்ணிப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணு கொறையுது. ரஞ்சிதந்தான் துன்னுட்டிருப்பா."

"நான் எதுக்குத் துன்றேன்? என் வூட்டுக்குந்தான் கொறையுது," என்று அவள் அழுதாள். இனி சாமி பழத்தைத் தொடக் கூடாது என்று அவளை ஒதுக்கி வைத்தீர்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இன்னாண்ணா, வயிறு இம்மாம் பெருசா கீது?" என்றாள்.

வாயு என்றேன்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. பாதி வயிறு, பாதி மனசாட்சி. ரஞ்சிதம் ஒரு சுளைகூட எடுக்கவில்லை. அவள் வேலையை அவளுக்கே திருப்பிக் கொடுங்கள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சொல்வதைச் சுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்கைப் பிடிக்கும் முன்பு, முதல்முறை எண்ணியபோது 5112 சுளை இருந்தது. வீட்டுக்கு எழுபத்தொன்று சரியாகவே வந்திருக்கும். ஆனால் 5112 ஐந்தாலும் வகுபடாது, ஏழாலும் வகுபடாது. அப்படியோர் எண்ணை எப்படி வேடியப்பன் முன்னால் வைப்பது? அதை நேர்செய்ய எழுபத்திரண்டு சுளையை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த உணவை வீணாக்குவது எனக்கு அறவே பிடிக்காது.