திருத்தி வாசிக்கவும்

அச்சுப் பிழை எனக்குப் பிடிக்காது. ஒரு கல்யாணச் செய்தியில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் மாறிப்போனதற்காக இரண்டு வேளை சாப்பாடு இறங்காமல் இருந்தவன் நான். மறுநாளே திருத்தம் போட்டேன். இருபத்தொரு வருஷத்தில் என் பக்கங்களில் வந்த திருத்தங்கள் மொத்தம் பன்னிரண்டு. அதனால்தான், ஐயா, இந்த விசாரணையில் பொய்ச் செய்தி போட்டீரா என்று நீங்கள் முதல் கேள்வியாகக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

பெயர் ராஜகோபாலன். செய்தி ஆசிரியர். மயிலாப்பூரில் சொந்த வீடு. மற்றதெல்லாம் உங்கள் காகிதத்திலேயே இருக்கும்.

எங்கள் வாசகர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இந்த ஏப்ரல் மாதம் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் அந்த மகாவீரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு சொந்தக் கிழவனை மறந்துவிட்டுப் போன குடும்பம்கூட எனக்குத் தெரியும். நானும் என் மனைவி விஜயலக்ஷ்மியைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். அங்கே ஓர் அறையில் ஒன்பது பேர் படுத்துக்கொண்டார்கள். இவர்களையெல்லாம் எங்கள் பத்திரிகையில் 'வெளியூர் சென்றிருப்பவர்கள்' என்று எழுதினேன். அதே மாதம் பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்து வந்தவர்களை 'அகதிக் கூட்டம்' என்று எழுதினேன். யாரும் இப்படி எழுது என்று சொல்லவில்லை. இருபத்தொரு வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது.

குண்டு விழவில்லை. ஜூன் மாதம் வீரர்கள் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால், ஆழ்வார்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு வக்கீல் பங்களாவை நிவாரணக் கமிட்டியார் வாடகைக்கு எடுத்து, பர்மாவிலிருந்து வந்த அறுபது பேரைக் குடிவைத்திருந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து எனக்குத் தினமும் கடிதம் வந்தது. எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்விதான்: இவர்கள் எப்போது போவார்கள்? இரண்டு மாதம் பிறத்தியார் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு வந்தவர்கள் கேட்ட கேள்வி இது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் சந்தா கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

பிற்பகலில் என் மேஜைக்கு இரண்டு துண்டுக் காகிதங்கள் வரும். ஒன்றில், முந்தைய நாள் சென்னைக்கு வந்துசேர்ந்த பர்மா அகதிகள் எத்தனை பேர் என்று இருக்கும். மற்றதில், நகரத்தில் காலரா கண்டவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும். அதுவரை இரண்டையும் வெவ்வேறு பக்கத்தில் போட்டுவந்தோம். ஒரு நாள் மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள், ஒன்றின்கீழ் ஒன்றாகப் போடச் சொன்னேன். அகதிகள் வருகை 212. காலரா 9.

எழுத்துக் கோர்க்கும் பகுதிக்குத் தலைவர் வெள்ளைச்சாமி. ஈயத்தைத் தவிர வேறொன்றும் அறியாத ஆள் என்று நினைத்திருந்தேன். அவர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், அது வேற, இது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டா படிக்கிறவன் இன்னா நெனைப்பான்?"

"நெனைக்கறது அவா வேலை. அடிக்கறது நம்ம வேலை. நீர் போம்" என்றேன்.

காலரா கண்ட அந்த ஒன்பது பேரும் ஊரின் வடக்குக் கோடியில் பரம்பரையாக இருப்பவர்கள். பர்மா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். கட்டத்தில் நான் அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. தினமும் அதே இடத்தில், அதே அளவில் வந்தது. பத்திரிகை விற்பனை கூடியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு நல்ல காபி வாங்கிக்கொடுத்தார்.

ஏழாம் நாள், ஆழ்வார்பேட்டைத் தெருக்காரர்கள், அகதிகள் தொடக்கூடாதென்று, பங்களா எதிரில் இருந்த தெருக்குழாயின் திருகைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். தங்களுக்கு வேண்டும்போது மாட்டுவார்கள், குடங்களை நிரப்பிக்கொண்டு மறுபடி கழற்றுவார்கள். பி.ஏ. படித்தவர்கள் இரண்டு பேர் தடியுடன் காவல் நின்றார்கள். அவர்கள் கையில் எங்கள் பத்திரிகை இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு மறுநாள் அப்துல் வஹீத் வந்தார். ரங்கூனில் புத்தகம் பைண்டு செய்துகொண்டிருந்தவர், இப்போது பங்களாவில் இருப்பவர். நான் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, என் மேஜையில் கலைந்து கிடந்த பத்திரிகைகளை ஓரம் தட்டி ஒழுங்காக அடுக்கினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். சுகாதார டாக்டர் கையெழுத்துப் போட்டது. பங்களாவில் அறுபது பேரையும் பரிசோதித்தாயிற்று, ஒருவருக்கும் காலரா இல்லை என்று இருந்தது.

"நானும் இந்த ஊருதான் சார். ராயப்பேட்டைல பொறந்தவன். ஒரே ஒரு வரி போடுங்க, எங்ககிட்ட சீக்கு இல்லைன்னு. கொழாய தொறந்துடுவாங்க."

"இப்போ தண்ணிக்கு என்ன பண்றேள்?"

"பின்னால ஒரு பாழுங்கெணறு கீது சார். அதத்தான் குடிச்சிக்கினு கீறோம். காய்ச்சிக் குடிக்க வெறகு இல்ல. என் பொண்ணுக்கு ஆறு வயசு. பயமா கீது சார்."

அவருக்கு எங்கள் அலுவலக விதியை விளக்கினேன். அச்சில் வந்தது தவறாக இருந்தால்தான் திருத்தம். கட்டத்தை அவர் முன் விரித்து வைத்து, இதில் எந்த எண் தவறு என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, எண் சரிதான் சார் என்றார். அப்படியானால் நான் எதைத் திருத்துவது? கடிதத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன். அதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது வெள்ளைச்சாமி என்பது எனக்குத் தெரியும். அவர்மேல் வருத்தமில்லை.

மறந்துபோய் வைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நான் எதையும் மறப்பதில்லை. அவர் கிணற்றைப் பற்றிச் சொன்னவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வரியைப் போட்டால், இத்தனை நாள் அந்தக் கட்டம் எதற்கு என்று முட்டாள்கள்கூடக் கேட்பார்கள். போடாவிட்டால், இன்னும் நாலைந்து நாளில் கிணறே கட்டத்தைச் சரியாக்கிவிடும். குழாய்த் திருகைத் திரும்ப மாட்ட ஒரு வரி போதும் என்பதும், அந்த வரி என் கையில் இருந்தது என்பதும் தெரிந்துதான் இழுப்பறையை மூடினேன். இதை வேண்டுமானால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சேர்க்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஐந்தாம் நாள் செய்தி வந்தது. முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்துக்குப் போட்டேன். 'அகதி முகாமில் காலரா: ஆறு பேர் மரணம்.' அப்துல் வஹீதின் மனைவி வஜீஹா அந்த ஆறில் ஒருத்தி. தெருக்காரர்கள் எனக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்கள், நாங்கள் அப்போதே சொன்னோமே என்று. அவர்களில் மூன்று பேருக்குத் தமிழே சரியாக எழுத வரவில்லை.

மறுநாள் காலை அப்துல் வஹீத் மறுபடி வந்தார். இந்த முறை பத்திரிகைகளை அடுக்கவில்லை. முதல் பக்கத்தை என் முன்னால் வைத்து, அந்த எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"இது தப்பு சார். ஆறு இல்ல, ஏழு. என் பொண்ணு ஜஹீதா நேத்து சாயங்காலமே போய்ட்டா."

விசாரித்தேன். அவர் சொன்னது சரி. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே அந்தப் பெண் குழந்தை இறந்திருக்கிறது. பிழை என்னுடையதுதான். அவர் எதிரிலேயே காகிதத்தை எடுத்து எழுதினேன்: 'நேற்றைய செய்தியில் முகாமில் மரணமடைந்தோர் ஆறு பேர் என்று வெளியாகியிருந்தது. ஏழு பேர் என்று திருத்தி வாசிக்கவும்.' அது என் பன்னிரண்டாவது திருத்தம். எழுதி அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

தவறைச் சுட்டிக்காட்டினால் அந்த நிமிஷமே திருத்திக்கொள்கிறவனிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அவர் திரும்பிப் போய்விட்டார், ஐயா. இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் நீங்கள் என்னை விசாரிக்கிறீர்கள்.